எழுத்து நின்றுபோனால் யாரைத் தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: ஆறேழு மாதம் ஆசையாக எழுதினேன், சில சிறுகதைகள் முடிந்தன, நாவல் ஒன்று எட்டு அத்தியாயம் வரை போனது, அப்புறம் மூன்று மாதமாக ஒரு வரி நகரவில்லை, வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் கை போனைத்தான் எடுக்கிறது, விடாமல் எழுதுகிறவர்களுக்கு உத்வேகம் எங்கிருந்து வருகிறது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உத்வேகம் உள்ளுக்குள்ளிருந்து ஊற வேண்டும் என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தமிழில் எழுதிக் குவித்தவர்களின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், வெளியே யாரோ ஒருவர் காத்துக்கொண்டு இருந்திருப்பார். ஒரு பத்திரிகை ஆசிரியர், அச்சுக் கோப்பவர், தபாலுக்காக வாசலைப் பார்க்கும் நண்பர், இப்படி யாராவது. உங்கள் எட்டு அத்தியாயத்தை இதுவரை யாருக்காவது காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. காட்டியிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். அங்கேதான் கோளாறு.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்தது, மூன்றரை வருடம். அத்தனை நாளும் அவர் நாவலை மட்டும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பத்திரிகைக்கு ஆசிரியரே அவர்தான், தலையங்கம் அவர் தலையில், அரசியலும் சங்கீதமும் பொதுக்காரியங்களும் வேறு. தொடர் முடிந்த அதே வருடம் டிசம்பரில் காலமாகிவிட்டார். இப்படி ஒரு மனிதருக்கு வாரம் தவறாமல் உத்வேகம் பொங்கியது என்று நம்ப எனக்கு முடியவில்லை. அத்தியாயம் கைக்கு வந்தால்தான் மணியம் படம் போட முடியும், படம் வந்தால்தான் அச்சுக்கான பிளாக் செய்ய முடியும், அதெல்லாம் முடிந்தால்தான் இதழ் கடைக்குப் போகும், கடையில் ஆட்கள் நிற்பார்கள். இத்தனை பேர் வரிசையாகக் காத்திருக்கும்போது எழுதாமல் இருப்பதுதான் பெரிய பாடு. இன்னொன்றும் எனக்குத் தோன்றும். வந்தியத்தேவன் அத்தியாய முடிவில் அடிக்கடி எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்பான் இல்லையா, அது வாசகரை அடுத்த வாரம்வரை இழுத்துப் பிடிக்கிற வித்தை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எழுதுகிறவருக்கும் அது சௌகரியம்தான், ஏனென்றால் அடுத்த வாரம் எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது, மாட்டியவனை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

உ.வே. சாமிநாதையர் விஷயம் இன்னும் விசேஷம். வாழ்நாள் முழுக்க ஏடு தேடி, ஒப்பிட்டு, பதிப்பித்தே ஓய்ந்தவர். தன் கதையை 'ஆனந்த விகடன்' தொடராக 1940-ல் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 85 வயது நிறையும் சமயம். 1942-ல் அவர் இறக்கும்வரை அது வந்தது, 122 அத்தியாயம், கதை முடியாமலே நின்றது. அந்த வயதில் 'எப்போதாவது எழுதித் தாருங்கள்' என்று விட்டிருந்தால் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இது அந்தக் காலத்துப் பத்திரிகைச் சமாச்சாரம், இப்போது யார் தொடர்கதைக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஜெயமோகன் 'வெண்முரசு' எழுதியது நம் கண்முன்னே நடந்தது. 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, தன் இணையதளத்தில் நாளுக்கு ஒரு அத்தியாயம், மொத்தம் 26 நாவல்கள். அவரை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. முதலிலேயே தினமும் வரும் என்று ஊரறியச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள், அது முக்கியம். சொன்ன பிறகு ஒரு நாள் அத்தியாயம் வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். கேட்க ஆள் இருக்கிற மாதிரி செய்துகொள்வது ஒரு தந்திரம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்கு ஆயிரம் பேர் வேண்டாம். ஒருவர் போதும்.

கி. ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். 'சரஸ்வதி' இதழில் அவர் கதை 1958-ல் வந்தபோது முப்பதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. அதே ஊர்க்காரர் கு. அழகிரிசாமி. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்துவிட்டார், அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போனார், கடிதம் ஓடிக்கொண்டே இருந்தது. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னால் தனிப் புத்தகமாகவே வந்தன. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே இரண்டு பேர், ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படிப்பார் என்ற உறுதி. ஒரு மொழியின் இரண்டு நல்ல கதைக்காரர்கள் ஒரே தெருப்புழுதியிலிருந்து வந்ததற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம், இதையும் அதில் சேர்க்காமல் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் லைக் பற்றி ஒரு வார்த்தை. ஃபேஸ்புக்கில் போட்டால் ஐம்பது பேர் விரல் உயர்த்துகிறார்களே, அதுவும் காத்திருப்பதுதானே என்றால், கிடையாது. நீங்கள் போடாவிட்டால் அந்த ஐம்பது பேரில் ஒருவருக்கும் எதுவும் குறையப்போவதில்லை, வேறு யாரோ போட்டதற்கு விரல் உயர்த்திவிட்டுப் போவார்கள். 'என்னாச்சு, ஒன்பதாவது வரவே இல்லையே?' என்று செய்தி அனுப்புகிற ஒருத்தர் அந்த ஐம்பது பேரைவிட மேல். லைக்குக்கு எழுதிப் பழகியவர்களிடம் நான் பார்க்கிற இன்னொரு பிரச்னை, மூன்று பத்திக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. நாவலுக்கு அது ஆகாது.

யாருமே இல்லாமல், சொல்லப்போனால் எல்லோரும் எதிராக இருக்கும்போதும் எழுதியவர்கள் உண்டே என்று நீங்கள் மடக்கலாம். கவிஞர் சல்மா நினைவுக்கு வருவார். துவரங்குறிச்சியில் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டுக்குள் அடைப்பு, கல்யாணத்துக்குப் பிறகும் எழுதுவதற்குத் தடை, ராத்திரி கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடைத்த காகிதத் துண்டில் எழுதி ஒளித்துவைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு 'அவங்க எழுதலையா, உனக்கென்ன' என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது சுலபம். அதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காகிதங்களை வீட்டுக்கு வெளியே கடத்தி பத்திரிகைக்குப் போக வழி செய்தவர் அவருடைய அம்மா. சல்மா என்ற புனைபெயரில் அச்சில் வந்தன. அங்கேயும் பாருங்கள், ஒரு ஆள். எழுதியதை வாங்கிக்கொண்டு போக ஒருத்தி.

உண்மையிலேயே தனியாக நின்றவர் என்றால் சி.சு. செல்லப்பாவைச் சொல்லலாம். 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைக் கைக்காசு போட்டு ஆரம்பித்து, புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகக் கல்லூரிகளில் விற்று, எண்பதைத் தாண்டிய வயதில் 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அது வைராக்கியம். கும்பிட்டுக்கொள்ளலாம், உங்களையும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார் என்றே வையுங்கள், மனசு வராமல் உட்கார்ந்து எழுதினால் எழுத்து சக்கையாகத்தானே இருக்கும்? எல்லோருக்கும் வருகிற பயம் இது. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். எழுத முடியாமல் திணறிய 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவிடம், அவசரம் என்றாலொழிய எழுதாதீர்கள், யோசனை சேரட்டும் என்றார். இரண்டாவது குழு மனநிலை வரும்போது எழுதலாம். மூன்றாவது குழு தினமும் எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் தண்டம்: அவர்களுக்கு அறவே பிடிக்காத ஒரு அமைப்புக்கு அவர்கள் பெயரில் ஏற்கெனவே எழுதி வாங்கிவைத்த காசோலை போய்விடும். நம் ஊரில் பிடிக்காத கட்சிக்கு நன்கொடை போகும் என்று சொன்னால் எத்தனை நாவல் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். முடிவு என்னவென்றால், மனநிலைக்குக் காத்தவர்களைவிடக் கட்டாயக் குழு மூன்று மடங்குக்கு மேல் எழுதியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இது: புது யோசனை தோன்றுவதும் கட்டாயக் குழுவுக்குத்தான் அதிகம். அவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு ஒன்று, மனநிலைக்காரர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் யோசனை சேர்த்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. சின்னச் சோதனைதான், அவர்கள் எழுதியது கதையுமல்ல, ஆனாலும் பிரதி திருத்தும் வேலையில் நான் பார்க்கிறதோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. யோசனை எழுதும் கைக்குப் பின்னால்தான் வருகிறது.

இனி உங்கள் எட்டாவது அத்தியாயத்துக்கு வருவோம். நின்றுபோன நாவல்கள் எனக்கு நிறைய வரும், அதில் முக்கால்வாசி நிற்பதற்கு சோம்பலோ உத்வேகக் குறைவோ காரணம் கிடையாது. அடுத்த காட்சி எழுதுகிறவருக்குத் தெரியாது, தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது, அதனால் 'மூட் இல்லை' என்று பெயர் வைத்துவிடுகிறார்.

உதாரணத்துக்கு ஒன்று. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு பற்றி ஒருவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா தன் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் நின்றது. அவர் எழுதிவைத்திருந்த கடைசி வரி, 'மறுநாள் எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனார்கள்.' அவர் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனதே இல்லை. உத்வேகப் புத்தகம் எதையும் படிக்க வேண்டாம், ஏதாவதொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன், போனார். அங்கே பத்திர எழுத்தர் கடையில், ஒரு அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறார், தம்பி கூட்டி வந்திருக்கிறார். பத்திர எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்ததும் அந்த அம்மா, 'படிக்க வேணாம் தம்பி, எங்க போடணும்னு மட்டும் காட்டு' என்றாராம். உள்ளே போட்டோ எடுக்கும்போது கேமராவைப் பார்த்து, பழக்கத்தில், லேசாகச் சிரித்திருக்கிறார். பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில் சிரித்த முகம். வெளியே வந்தபிறகு தம்பி எல்லோருக்கும் கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்தார், அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைரேகை மையை சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அன்று ராத்திரி யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ராஜம் கிருஷ்ணன் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்கு முன்னால் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார், அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசினார். 'குறிஞ்சித்தேன்' படுகர்களைப் பற்றியது என்றால் அது நீலகிரியில் இருந்து பார்த்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் திரும்பத் திரும்ப வரும், அதுவும் சினிமாவில் பார்த்ததாக இருக்கும்.

அதனால் முதல் வேலையாக எட்டாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அடுத்து என்ன நடக்கிறது என்பதை அல்ல, அது எந்த இடத்தில் நடக்கிறது, அங்கே யார் யார் இருப்பார்கள், கையில் என்ன வைத்திருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் போக வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. நெல் அறவை மில்லோ, டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சோ, போய் உட்காருங்கள். போனை வெளியே எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், படம் பிடித்தால் பார்க்கிற வேலையை அது எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு எழுதுவது என்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறவர் தினமும் ஆயிரம் வார்த்தை என்று சபதம் எடுத்தால் அடுத்த வாரமே முறிந்துவிடும், ஒரு பக்கம் போதும், அரைப் பக்கமும் குற்றமில்லை. அலுவலகம் முடிந்து வந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் எழுதுவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருவதில்லை, சாப்பாட்டு மயக்கம், வீட்டுப் பேச்சு, நாளைக்கு என்ன என்ற நினைப்பு. காலையில் பால் வருகிற நேரத்துக்கு எழுந்து அரை மணி நேரம் கிடைத்தால் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு தந்திரம் மட்டும் சொல்கிறேன், ஹெமிங்வே பேட்டியில் சொன்னதுதான்: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும். கல்கி வந்தியத்தேவனை மாட்டிவிட்டு வாரத்தை முடித்தாரே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். நாம் செய்வது நேர் எதிர். ஓடுகிற நாளில் வற்றும்வரை எழுதித் தீர்த்துவிட்டு மறுநாள் வெறும் கையோடு வந்து உட்காருகிறோம்.

நிறுத்திவைப்பதே சரி என்கிற சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது, அடுத்த நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல். நடுவே பதினைந்து வருடம். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டிருந்தார். இடையில் கதையும் கவிதையும் எழுதியிருக்கிறார், ஆனால் அடுத்த நாவல் முந்தைய நாவலைப் போல இருக்கவே இல்லை, சொல்முறையே வேறு. அதே மாதிரி இன்னொன்று எழுதியிருந்தால் இரண்டே வருடத்தில் வந்திருக்கும். வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார், வேலை போய்விட்டது, குழந்தை பிறந்திருக்கிறது என்பது போன்ற நேரத்தில் எழுத்து நின்றால் அதைப் பிரச்னையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை, கை போனுக்குப் போகிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்த ஆளை எங்கே தேடுவது. மனைவியோ கணவரோ வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்று எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுச் சண்டையில் உங்கள் கதாநாயகியை இழுப்பார்கள். பிரபல எழுத்தாளரும் வேண்டாம், அவருக்கு நேரமில்லை, பதில் வராத ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் வலி. உங்களைப் போலவே பாதியில் நிற்கிற இன்னொருவர் சரியான ஆள். பெரிய ஊர்களில் மாதாமாதம் நூலகத்திலோ மொட்டைமாடியிலோ வாசிப்புக் கூட்டங்கள் நடக்கின்றன, புத்தகக் கண்காட்சியில் ஒரே அரங்கில் இரண்டு முறை கண்ணில் படுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தாலே போதும். எதுவும் அமையாவிட்டால் கடைசித் தேதி வைத்த சிறுகதைப் போட்டி ஏதாவது ஒன்று. பரிசு வராவிட்டாலும் தேதி ஒரு காவல்காரர்தான்.

ஆள் கிடைத்ததும் எட்டு அத்தியாயத்தையும் அவர் தலையில் கொட்டாதீர்கள். முதல் அத்தியாயம் மட்டும் அனுப்புங்கள், அடுத்தது வரும் தேதியைச் சொல்லிவிடுங்கள், பதினைந்து நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கையிருப்பு எட்டும் தீர நாலு மாதம் ஆகும், ஒன்பதாவதை எழுத அதுவரை அவகாசம் இருக்கிறது. 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். படித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் போனை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு யாரும் மழுப்ப மாட்டார்கள், சிரித்துக்கொண்டே பக்க எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். அவருடையதையும் அதே மாதிரி படித்துக் கொடுங்கள், தேதி தவறாமல்.